மூன்றரை ஆம்பியர்

“கழட்டுன பழைய பல்பு ரெண்டும் எனக்கு வேணும் சார்.”

இதை மட்டும் எந்த வீட்டிலும் கேட்டுவிடாதே என்று சொல்லித்தான் மாமா என்னைக் கடையில் சேர்த்துக்கொண்டார். நான் கேட்டேன். ஏன் கேட்டேன் என்பதுதான் கதை.

விடுதியில் கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. இரண்டு கட்டில்களைச் சேர்த்துப் போட்டு ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஒரு மெழுகுவர்த்தி. அதுவரை நான்கு கதைகள் ஆகிவிட்டன. ஒன்று யாருடைய தோழியின் சித்தப்பாவுக்கோ நடந்தது. இன்னொன்று பக்கத்து வீட்டு அக்காவின் கொழுந்தனாருக்கு. பேய்கள் எப்போதும் ஒரு வீடு தள்ளியே வேலை செய்கின்றன.

“உன்னுது யாருக்கு நடந்துச்சு? ஃபிரெண்டோட மாமனாருக்கா?” என்றாள் கண்ணாடி. மூக்குக் கண்ணாடி போட்டிருப்பதால் அந்தப் பெயர்.

“எனக்கு.”

யாரோ போர்வையை இழுத்துக்கொண்டார்கள். கட்டில் ஒரு முறை முனகியது.

“மெழுகுவர்த்திய அந்தப் பக்கம் தள்ளி வை. மூஞ்சில அடிக்குது,” என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பழைய கார்களுக்கு ஒயரிங் வேலை செய்கிற கடை வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். எலக்ட்ரிகல் படித்தேன். அம்மா பட்டத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினாள். எட்டு இன்டர்வியூவுக்குப் போனேன். எட்டிலும் “அப்பா என்ன பண்றார்?” என்று கேட்டார்கள். வாட்ச்மேன் என்றேன். சரி, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். இன்னும் சொல்லி அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மாமா கடையில் முதல் நாளே கண்டிஷன்.

“பார்ட்டிகிட்ட எத வேணா கேளு. வண்டி எப்ப வாங்குனது, யாரு ஓட்டுனது, எல்லாம் கேளு. கழட்டுன சாமான மட்டும் கேக்காத. கருகுன ஒயரு, செத்த பல்பு, எதுவா இருந்தாலும் ஒரு கவர்ல போட்டு அவங்க கையில குடுத்துட்டு வந்துடணும்.”

“எப்படியும் குப்பையிலதான மாமா போடப் போறாங்க?”

“அவங்க குப்பையில அவங்க போடட்டும். அது அவங்க பொருள். நமக்குன்னு கேட்டா, நல்லதக் கழட்டிட்டு மட்டமானத மாட்டிட்டோம்னு அர்த்தம். ஒரு தரம் அந்தப் பேரு வந்தா போதும், கடைய இழுத்து மூடிட்டு வீட்டுக்குப் போகலாம்.”

சரி என்றேன். இரண்டு வருஷம் சரியாகத்தான் இருந்தேன். அப்புறம்தான் மாமா ஒரு பழைய காரைப் பார்க்க என்னை அனுப்பினார்.

பிற்பகல் மூன்று மணி. பஸ் கடைசி நிறுத்தத்தில் என்னை மட்டும் இறக்கிவிட்டுத் திரும்பிப் போனது. அங்கிருந்து நேராக ஒரே சாலை. இரண்டு பக்கமும் வெறும் நிலம். கடை இல்லை, ஆள் இல்லை, ஒரு நாய்கூட இல்லை. தோளில் மாட்டியிருந்த பைக்குள் ஸ்க்ரூ டிரைவர்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் மட்டும் கூடவே வந்தது. கிளிங்... கிளிங்... வழியில் ஒரு சின்னப் பாலம். அதன் கைப்பிடிச் சுவரில் ஒரு பாதி பழைய கல், ஒரு பாதி புதுக் கல். அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

அரை மணி நடந்ததும் இரும்பு கேட். உள்ளே ஒற்றை வீடு. வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஷெட். ஷெட்டில் கார்.

கறுப்பு வண்டி. மாமாவைவிட வயது அதிகம் இருக்கும். முன்பக்கம் முழுக்கப் புதுப் பெயிண்ட். பின்பக்கம் பழைய பெயிண்ட், மங்கி, வெடித்து. பின் கண்ணாடி முட்டை வடிவத்தில் சின்னதாக இருந்தது. அதற்குக் கீழே இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் அளவில் சிவப்பு விளக்குகள். கதவைத் திறந்ததும் பழைய தோல் சீட்டின் வாசனை... மூடியே வைத்த அலமாரி மாதிரி.

வண்டிக்காரர் பெரியவர். எழுபது வயது இருக்கும். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. ஒரு செம்பில் தண்ணீர் தானே கொண்டுவந்து கொடுத்தார். மரியாதையான மனுஷர். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

“பேட்டரி ராத்திரி தங்க மாட்டேங்குது. காலைல பாத்தா செத்துக் கிடக்கு. மூணு பேட்டரி மாத்தியாச்சு. உனக்கு முன்னாடி மூணு எலக்ட்ரீசியன் வந்து பாத்தாச்சு.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. மறுநாள் வரல.”

“வண்டி ரொம்ப நாளா நிக்குதா சார்?”

“பதினாலு வருஷம். பேட்டரியே இல்லாமக் கிடந்துச்சு. இப்பதான் டிங்கர் வேலை எல்லாம் முடிச்சு, பேட்டரி போட்டேன். ஓட்றதுக்கு இல்ல. விக்கறதுக்கு. வாங்கற ஆள் ஞாயித்துக்கிழமை வரான்.” காலிச் செம்பை வாங்கிக்கொண்டார். “வித்துட்டாப் போதும்.”

அப்புறம், டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துச் சீட்டின் கதவைக் காட்டினார்.

“அந்தக் கதவு மட்டும் திறக்காது. டிங்கரே இழுத்துப் பாத்துட்டு விட்டுட்டார். நீயும் விட்டுடு.”

எனக்கு வேலை ஒயரில். கதவில் இல்லை. விட்டுவிட்டேன்.

பேட்டரி சாகிறது என்றால் எங்கேயோ கரண்ட் போய்க்கொண்டிருக்கிறது. கண்டுபிடிக்கிற வழி எளிது. எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். பேட்டரியின் ஒரு கேபிளைக் கழற்றி இடையில் மீட்டரை வைக்க வேண்டும். போகிற கரண்ட் ஒரு துளியானாலும் மீட்டரைத் தாண்டித்தான் போக முடியும். முள் நகர்ந்தால் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கும்போது முள் படுக்கிறதோ, திருடன் அந்த வழியில் இருக்கிறான்.

மீட்டரை வைத்தேன். முள் அசையவே இல்லை.

ஹெட்லைட் போட்டுப் பார்த்தேன். ஹார்ன். வைப்பர். பிரேக் பெடலைக் கையால் ஒரு விரற்கடை அமுக்கினேன். பின்னால் ஷெட் சுவர் சிவந்தது. விட்டேன். அணைந்தது. துணி சுற்றிய அந்தக் காலத்து ஒயர்தான். ஆனால் ஒரு பழுது இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறரை மணிக்குப் பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குள் போனார். கதவு சாத்துகிற சத்தம். தாழ்ப்பாள். அப்புறம் ஜன்னல்கள்... ஒன்று. இரண்டு. மூன்று. அப்புறம் ரேடியோ, காது கிழிகிற சத்தத்தில்.

ஷெட் சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. ஆறு ஐம்பது. நான் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

மீட்டர் முள் எழுந்தது. மெதுவாக இல்லை. யாரோ சுண்டிவிட்ட மாதிரி எழுந்து ஓரிடத்தில் நின்றது. மூன்றரை ஆம்பியர்.

கணக்குப் போட்டேன். எனக்கு முதலில் கணக்குதான் வரும். பன்னிரண்டு வோல்ட், மூன்றரை ஆம்பியர்... நாற்பத்திரண்டு வாட்ஸ். இருபத்தோரு வாட்ஸ் பல்பு இரண்டு. அது பிரேக் லைட்.

நிமிர்ந்தேன். சுவர் சிவப்பாக இருந்தது.

பெடலைப் பார்த்தேன். மேலேதான் இருந்தது. பெடலுக்குக் கீழே இருக்கிற சுவிட்சின் ஒயரைப் பிடுங்கினேன். சுவர் சிவப்பு. ஃபியூஸைப் பிடுங்கினேன். சிவப்பு. பயம் வரவில்லை. பழைய ஒயர், எங்கேயோ உள்ளுக்குள் உரசுகிறது, நாளைக்குப் புது ஒயர் இழுக்கலாம் என்று முடிவுகட்டி, பேட்டரி கேபிளை மொத்தமாகக் கழற்றினேன். சுவர் அணைந்தது.

“இதுல பேய் எங்கடி?” என்றாள் கண்ணாடி. “ஃபியூஸு, வோல்ட்டுன்னு டியூஷன் எடுக்கற.”

“வாய மூடிட்டுக் கேளு.”

அன்று இரவு வீட்டில் அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே அம்மா, எங்கே வேலை என்று கேட்டாள். சொன்னேன். கறுப்புக் கார், நேர் சாலை, ஒற்றை வீடு.

“பின் கண்ணாடி முட்ட மாதிரியா?” என்றார் அப்பா.

நான் அதைச் சொல்லியிருக்கவில்லை.

அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பேசாதே என்று அர்த்தம்.

அப்பா எப்போதும் வாட்ச்மேனாக இல்லை. எனக்கு ஒன்பது வயது வரைக்கும் அவர் மெக்கானிக். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு காருக்கு பிரேக் வேலை பார்த்துக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை மாலை ஆறு ஐம்பதுக்கு அந்த கார் பாலத்துச் சுவரில் மோதியது. ஓட்டினவர் பிழைத்துக்கொண்டார். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி போய்விட்டார். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே அந்த மனுஷர் ஒரே ஒரு வரி சொன்னார். “மிதிச்சேன், மிதிச்சேன், பிடிக்கல.” அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. யாரும் வண்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அப்பா அதற்கப்புறம் ஸ்பேனரைத் தொட்டதில்லை. எந்த வண்டி என்று எங்களிடம் சொன்னதும் இல்லை.

இதில் எனக்கு ஆத்திரம் அந்த மனுஷர் மேல் மட்டும் இல்லை. அப்பாவே அதை நம்பினார். இன்னும் நம்புகிறார். தூக்கத்தில் அவர் வலது கால் கட்டிலின் கால்மாட்டுப் பலகையை மிதிக்கும். டொக்... டொக்... பாதம் புண்ணாகிறது என்று அம்மா அங்கே ஒரு பழைய தலையணையைக் கட்டி வைத்திருக்கிறாள். பதினான்கு வருஷமாக அந்தச் சத்தத்தில்தான் நான் படித்தேன், பாஸ் பண்ணினேன், தூங்கினேன்.

“உங்கள ஒரு வார்த்த கேட்டாங்களாப்பா?” என்றேன்.

“என்னத்தக் கேக்கறது. மிதிச்சவருக்குத் தெரியாதா பிடிக்கலன்னு.”

“நான் நாளைக்குப் போகவா, வேண்டாமா?”

“வேலைன்னா போகணும்.” சோற்றைப் பிசைந்தார். சாப்பிடவில்லை. என்னைப் பார்க்காமல், “பிரேக் பைப்ப ஒரு தரம் பாரு. வீல்கிட்ட ஒரு நட்டு இருக்கும். லூசா இருக்கான்னு...”

“பைப்பெல்லாம் புதுசா மாத்திட்டாங்கப்பா.”

“ஓ.”

அவ்வளவுதான். எழுந்து கை கழுவினார்.

மறுநாள் நான் யார் என்று பெரியவரிடம் சொல்லவில்லை. வேலையைப் பார்த்தேன். பெடல் சுவிட்சிலிருந்து பின் விளக்கு வரைக்கும் பழைய ஒயரை வெட்டி எடுத்துவிட்டுப் புது ஒயர் இழுத்தேன். பெடலை அமுக்கினால் எரிந்தது. விட்டால் அணைந்தது. மீட்டர் பூஜ்யம். ஆறரைக்கு அவர் உள்ளே போனார். தாழ்ப்பாள். ஜன்னல் மூன்று. ரேடியோ.

நான் சுவிட்சின் ஒயரைக் கழற்றித் தனியாகத் தொங்கவிட்டேன். ஃபியூஸை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, தரையில் குந்தி உட்கார்ந்து, பெடலின் அடியில் உள்ளங்கையை வைத்தேன். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டேன்.

ஆறு ஐம்பது.

மீட்டர் முள் எழுகிற சத்தம் ஒரு சின்ன ‘டிக்’. ஷெட் சிவந்தது. என் கையில் பெடல் அசையவில்லை. தூசிகூட அசையவில்லை.

அப்போது ஒரு வாசனை வந்தது. பழைய தோல் வாசனைக்கு மேலே... இப்போதுதான் குளித்துவிட்டு வந்த ஒரு பெண்ணின் ஈரத் தலைமுடி வாசனை. சோப்பும் தண்ணீரும்.

அப்புறம் ரப்பர் நெரிகிற சத்தம். நறுக்... நறுக்...

டார்ச்சைத் திருப்பினேன். பக்கத்துச் சீட்டுக்கு முன்னால் தரையில் ஒரு ரப்பர் மேட் விரித்திருந்தது. அதன் நடுவில் ஒரு குழி விழுந்திருந்தது. குதிகால் அளவு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இன்னும் உள்ளே போனது. யாரோ முழு பலத்தையும் போட்டு ஊன்றுகிற மாதிரி. கொஞ்சம் தளர்ந்தது. மறுபடியும் ஊன்றியது.

அந்தப் பக்கம் பெடல் கிடையாது. அங்கே எதுவுமே கிடையாது.

கண்ணாடி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் ஓடவில்லை. தைரியம் என்று நினைக்காதீர்கள். ஓட வேண்டும் என்றே தோன்றவில்லை. அங்கேயே குந்தியிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. டார்ச் வாயிலிருந்து விழுந்தபோதுதான் கேபிளைக் கழற்ற வேண்டும் என்று தோன்றியது. கழற்றினேன். இருட்டு. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் தெரியாது.

மூன்றாம் நாள் காலையில், வண்டியை நிமிர்த்திய டிங்கருக்கு போன் போட்டேன். மாமாவுக்குத் தெரிந்தவர்தான். எதற்கும் சிரிக்கிற ஆள்.

“என்னம்மா, இன்ஜினியர் மேடம் நமக்கெல்லாம் போன் பண்றீங்க. ஒயரு பத்தலியா?”

“அந்தக் கறுப்பு வண்டி அண்ணே. உள்ள தரையில ஏதாவது வேலை பாத்தீங்களா?”

சிரிப்பு நின்றது.

“ஏன், பார்ட்டி ஏதாவது சொன்னாரா?”

“இல்ல. நான்தான் கேக்கறேன்.”

“ஒரு டொக்கு இருந்துச்சும்மா. குதிகால் சைசுக்கு. உள்ளேர்ந்து கீழ அமுங்குன மாதிரி. ஆக்சிடென்ட்ல ஆயிருக்கும்னு தட்டி நிமித்தினேன். மறுநாள் வந்தா அதே எடத்துல டொக்கு. திருப்பித் தட்டினேன். திருப்பி டொக்கு. மூணாவது தரம் அடியில ஒரு தகடே வெச்சு வெல்டிங் அடிச்சேன். பார்ட்டிகிட்ட சொல்லல. நம்ம வேல சரியில்லன்னுடுவார்.”

“எந்தப் பக்கம்ணே? டிரைவர் பக்கமா?”

“இல்லம்மா. பக்கத்துச் சீட்டு.” குரலைத் தாழ்த்தினார். “பின்பக்கம் மட்டும் நான் கை வெக்கவே இல்ல. அங்க ஒரு கீறல்கூட இல்ல. பல்புகூட அன்னிக்குப் போட்டிருந்ததுதான்.”

போனை வைத்தேன். அன்றைக்கு நான் போயிருக்க வேண்டியதில்லை. முன்னால் வந்த மூன்று பேரும் அப்படித்தானே வராமல் நின்றுவிட்டார்கள். ஆனால் ஒயர் மாற்றியாகிவிட்டது. சுவிட்ச் கழற்றியாகிவிட்டது. ஃபியூஸ் என் பையில். அந்த வழியில் நான் தொடாமல் மிச்சம் இருந்தது பல்பு மட்டும்தான். வேலையைப் பாதியில் விட என் கை சம்மதிக்கவில்லை.

மாலை நான்கு மணி. முதல் காரியமாகப் பேட்டரியை வண்டியிலிருந்தே இறக்கி ஷெட் மூலையில் வைத்தேன். பின் விளக்குகளின் கண்ணாடியைக் கழற்றி, பல்புகளை அமுக்கித் திருகி எடுத்தேன். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு இழைகள். சின்னது, இருட்டியதும் போடுகிற விளக்குக்கு. பெரியது, பிரேக்குக்கு.

சும்மாதான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அப்புறம் பையிலிருந்து லென்ஸை எடுத்தேன்.

இதைக் காலேஜில் படித்திருக்கிறேன். ஒரே ஒரு பக்கம். பரீட்சையில் வரவில்லை. எரிந்துகொண்டிருக்கிற பல்பு பலமாக அடிபட்டால், சூட்டில் இளகியிருக்கிற இழை இழுபட்டுக் கோணிப் போகும். அணைந்திருக்கிற பல்பு அடிபட்டால் இழை இழுபடாது. பட்டென்று ஒடியும், இல்லாவிட்டால் இருந்தபடியே இருக்கும். ஒரு முறை இழுபட்டது திரும்பச் சுருளாது.

சின்ன இழை இழுபட்டிருந்தது. கிழவியின் தலைமுடி மாதிரி கோணலாக, தொய்ந்து. அன்று மாலை விளக்கு போட்டுக்கொண்டுதான் ஓட்டியிருக்கிறார். பெரிய இழை... புதுப் பேனாவுக்குள் இருக்கிற ஸ்பிரிங் மாதிரி இருந்தது. ஒரு சுருள் பிசகவில்லை.

இரண்டாவது பல்பையும் பார்த்தேன். அதே மாதிரி. சின்னது கோணல். பெரியது ஒழுங்கு.

அந்தச் சுவிட்ச் பெடலின் கீழே இருக்கிறது. பிரேக் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், பெடலை ஒரு விரற்கடை மிதித்தாலே விளக்கு எரியும். பழைய ஒயரில் பழுது இல்லை. முதல் நாளே நான் அமுக்கிப் பார்த்தேன். மிதிச்சேன், மிதிச்சேன் என்று சொன்னாரே... மோதின அந்த நிமிஷம் அவர் கால் பெடலிலேயே இல்லை.

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஆத்திரம்கூட அப்போது வரவில்லை. கட்டில் பலகையில் கட்டியிருக்கிற தலையணைதான் ஞாபகம் வந்தது. அதன் உறையில் குதிகால் படுகிற இடத்தில் தேய்ந்து பஞ்சு தெரியும். பல்பு இரண்டையும் வேஸ்ட் துணியில் சுற்றி, என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அதற்குள் வைத்தேன். மூடியை அழுத்தினேன். ‘டக்’ என்று மூடியது. அப்புறம்தான் கேட்கப் போனேன்.

பெரியவர் அன்று முன்னதாகவே ஜன்னல்களைச் சாத்திவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வேலை முடிகிற நாள். கழற்றின சாமான் கவரை வாங்கிக்கொள்ள வேண்டும். நான் கவரைக் கொடுத்தேன். பழைய ஒயர், சுவிட்ச், ஃபியூஸ். அவர் பிரித்துப் பார்த்தார்.

“பல்பு?”

“கழட்டுன பழைய பல்பு ரெண்டும் எனக்கு வேணும் சார்.”

“எதுக்கு?”

“எங்கப்பாகிட்ட காட்டணும்.”

“உங்கப்பா யாரு?”

“பதினாலு வருஷம் முன்னாடி இந்த வண்டிக்கு பிரேக் பாத்தவர்.”

அவர் கவரை மடித்தார். ஒரு மடிப்பு, அப்புறம் இன்னொரு மடிப்பு. கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு முப்பத்தைந்து.

“பிரேக் பிடிக்கலம்மா. நான் அப்பவே சொல்லிட்டேன். மிதிச்சேன்...”

“மிதிக்கல சார்.”

டப்பாவைத் திறந்து ஒரு பல்பை எடுத்து, லென்ஸை வைத்து, அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். சின்ன இழை எப்படி இருக்கிறது, பெரிய இழை எப்படி இருக்கிறது, ஏன் என்று சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. பாடம் சொல்கிற மாதிரி சொன்னேன். அவர் நல்ல மாணவர் மாதிரி கேட்டார். குறுக்கே பேசவில்லை.

கவரை மடியில் வைத்துக்கொண்டு, “அவ கத்தவே இல்ல,” என்றார்.

நான் பல்பைக் கீழே இறக்கினேன்.

“கால மட்டும் தரையில ஊனி ஊனி மிதிச்சா. அங்க பெடல் இல்லன்னு அவளுக்குத் தெரியாதா என்ன. நான் அவ காலத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

“நீங்க ஏன் சார் மிதிக்கல?”

அவர் முகத்தில் எதுவும் இல்லை. வெள்ளையடித்த சுவரைப் பார்க்கிற மாதிரி இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து நிற்கப் பார்த்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

“எங்கப்பாவ ஒரு நாளாவது நெனச்சீங்களா?”

“நெனச்சேன்.”

“என்னன்னு?”

“நல்லவேளை, அவர் எதுத்துப் பேசலன்னு.”

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காக அவரை மன்னிக்க வேண்டும் என்று யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்.

பல்பை மறுபடி துணியில் சுற்றினேன். டப்பாவில் வைத்தேன். மூடினேன். பையைத் தோளில் மாட்டினேன்.

“வெச்சுட்டுப் போம்மா,” என்றார். “அது என் பொருள்.”

மாமா சொன்ன அதே வார்த்தை. இந்த ஆள் மாமாவுக்கு போன் பண்ணுவார். கடைக்குக் கெட்ட பெயர் வரும். நாளைக்கு எனக்கு வேலை இருக்காது. எல்லாம் தெரிந்துதான் டப்பாவை மூடினேன். இன்று ராத்திரி அந்தத் தலையணையை அவிழ்ப்பதற்கு முன்னால் அப்பா கையில் லென்ஸைக் கொடுக்க வேண்டும். அவருக்கு இழையைப் பார்க்கத் தெரியும். மெக்கானிக்.

“பேட்டரி மூலையில இருக்கு சார். இனிமே இறங்காது,” என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

ஷெட்டிலிருந்து கேட்டுக்கு நாற்பது அடி இருக்கும். பாதி வழியில் எனக்கு முன்னால் மண் சிவந்தது. என் நிழல் கேட் வரைக்கும் நீண்டு விழுந்தது.

பேட்டரி ஷெட் மூலையில், தரையில். பல்பு இரண்டும் என் டப்பாவில். டப்பா என் கையில் சூடாகிக்கொண்டே வந்தது... அப்போதுதான் சோறு போட்டு மூடிய மாதிரி.

நான் திரும்பவில்லை.

பின்னால் தகரம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம். பதினான்கு வருஷமாகத் திறக்காத, துருப்பிடித்த கீல். மெதுவாக... மெதுவாக... ஒரு கதவு முழுதாகத் திறக்கிற வரைக்கும்.

“இறங்காத,” என்றார் பெரியவர்.

என்னிடம் இல்லை.

“இறங்காத... உள்ளயே உக்காரு... ஞாயித்துக்கிழமை வரைக்கும் உக்காரு...”

டப். கார்க் கதவு சாத்திக்கொண்டது. மண்ணில் இருந்த சிவப்பு அணைந்தது. டப்பா அப்படியே குளிர்ந்துபோனது.

கேட்டைத் திறந்து சாலைக்கு வந்தேன். அப்போது வீட்டுப் பக்கமிருந்து ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

பெரியவரின் குரல் இன்னும் ஷெட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

நான் நடந்தேன்.